கிருபன்ரை லைப்ரரி

கிருபனுக்குத் தம்பி மேல் எரிச்சல். மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் எல்லாருக்கும் அது தெரியும்.

களஞ்சிய வேலை போனதும், நாற்பத்திரண்டு வயதில், கணினி நிரல் எழுதும் வகுப்பில் சேர்ந்தான். தம்பி சுரேன் அதே வகுப்புக்குச் ‘சும்மா பாப்பம்’ என்று வந்தவன். பழகுவதற்காக ஆளுக்கொரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எழுதச் சொன்னார்கள். லைப்ரரி என்றால் மற்றவர்களும் எடுத்துப் பாவிக்கக்கூடிய குட்டிக் கருவிகளின் தொகுப்பு. திகதியை ஒழுங்காக எழுத ஒன்று. இரண்டு தடவை வந்ததை நீக்க ஒன்று. ஒரே வகையானவற்றைக் கூட்டமாகச் சேர்க்க ஒன்று.

கிருபன் மாய்ந்து மாய்ந்து எழுதினான். ஆசிரியை திரையில் போட்டுக் காட்டியது சுரேனுடையதை. வகுப்பில் பாதிப் பேர் அதை எடுத்துப் பாவித்தார்கள். கிருபனுடையதை ஒருவரும் தொடவில்லை. ஒரேயொரு ஆள் பாவித்தால் போதும் என்று அவன் மனம் கிடந்து அடித்தது.

பாடசாலையின் ஆண்டு விருந்து வந்தது. மேசைகளுக்கு ஆட்களைப் பிரித்துத் தரச் சொல்லி, பொறுப்பாளர் கலாதேவி சுரேனைத் தேடினார். கிருபன் குறுக்கே விழுந்தான்.

“அவனுக்கு நேரமில்லை அக்கா. என்னட்டைத் தாங்கோ. என்ரை லைப்ரரி ஒரு நொடியிலை பிரிச்சுத் தரும்.”

“தம்பிதான் கெட்டிக்காரன் எண்டு சொல்லிச்சினம்...”

“அவனுக்கு நான் அண்ணன், அக்கா.”

நேரமில்லை என்று சுரேன் சொல்லவேயில்லை. அது பச்சைப் பொய்.

வகுப்பில் தந்த ஜெர்மன் பெயர்களை வைத்துச் சோதித்தான். குடும்பப் பெயரால் சேர்த்தான். முல்லர் வீட்டார் எல்லாரும் ஒரே மேசைக்கு வந்தார்கள். அச்சொட்டு! தம்பியிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். காட்டுவானா?

விருந்தன்று மண்டபம் அல்லோலகல்லோலப்பட்டது. எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டுப் பத்திரங்களில் குடும்பப் பெயராக நிற்பது தகப்பனின் பெயர். அதனால் புருஷன் ஒரு மேசை, பெண்சாதி ஒரு மேசை, பிள்ளைகள் ஒரு மேசை. கிருபனின் மகள் ‘கிருபன்’ மேசையில் தனியே முழித்துக்கொண்டிருந்தாள். மனைவி சுபானி ‘சவிரிமுத்து’ மேசையில், தன் தமையனோடு.

“இஞ்சாருங்கோ, என்னைத் திருப்பி அப்பா வீட்டை அனுப்பிப்போட்டியள்!” என்று அங்கிருந்தே கத்தினாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

கிருபனுக்கு விழுந்தது தகப்பன் பெயரில் ‘அந்தோனிப்பிள்ளை’ மேசை. அங்கே சுரேன் ஏற்கெனவே இருந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

“விரும்பின மேசையிலை இருங்கோ!” என்று கலாதேவி ஒலிவாங்கியில் அறிவித்தார். எல்லாரும் கதிரைகளை இழுத்துக்கொண்டு எழும்பினார்கள். அண்ணனும் தம்பியும் எழும்பவில்லை.

“ஆக்களைச் சேர்க்கிற நிரல் துண்டு உங்கடைதானே அண்ணை?”

“ஓம். நல்லாச் சிரி.”

“சிரிக்கேல்லை. வீட்டு விலாசத்தாலை சேர்த்திருந்தாச் சரிவந்திருக்கும். துண்டு திறம். என்ரையை விடச் சுருக்கம். போன கிழமையே எடுத்துப் போட்டன்.”

“எதுக்குள்ளை?”

“என்ரை லைப்ரரிக்குள்ளை. உங்கடை பேரும் போட்டிருக்கு. வகுப்பிலை பாதிப் பேர் இப்ப பாவிக்கிறது உங்கடையைத்தான்.”

கேட்ட ஒரு ஆளுக்குப் பதில் பாதி வகுப்பே கிடைத்துவிட்டது. ஆனால் அத்தனை பேரும் தம்பியிடம் போய்த்தான் அதை வாங்கியிருக்கிறார்கள்.

“என்னட்டைக் கேக்காமல் எடுத்தனியோ?”

“எடுக்கத்தானே அண்ணை வெளியிலை போட்டனீங்கள்?”

கிருபன் தண்ணீர் குடித்தான்.

“இனி வாறவங்களை நேரை என்னட்டை வரச் சொல்லு,” என்றான்.