ஒற்றை வரிக் கட்டளை

விஜயஸ்ரீ செய்துவந்ததை அந்த வீட்டில் யாரும் வேலை என்று சொன்னதில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், மாமியார் பாலம்மாளுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆனதும் அதை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டை வீட்டோடு இருந்துவிட்டாள். சமையல் முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து ஒரு மென்பொருளுக்கு நிரல் எழுத உட்காருவாள். சரியாக ஓடாமல் அடம்பிடிக்கும் கைப்பேசிக்குள் இருக்கும் படங்களையும் செய்திகளையும் மீட்டெடுக்கிற மென்பொருள் அது. பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது. பூட்டு எண்ணைக் கொடுத்தால் உள்ளே இருப்பதைத் திறந்து படிப்பதும், அதை அப்படியே நகலெடுத்து வைப்பதுமான பகுதி அவள் பங்கு.

கணவன் மகேஸ்வரன் வங்கி அதிகாரி. "இதுல என்ன கெடைக்குது?" என்று ஒருமுறை கேட்டதோடு சரி. அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னதான் பண்ணுத, எனக்கும் சொல்லிக்குடேன்" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனைக்கென்று வைத்திருந்த பழைய கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இத்தன எடத்துல தொடணுமா? சுருக்கா முடியாதா?" என்றான். கணினியிலிருந்தே கட்டளை தட்டி எல்லாவற்றையும் செய்துவிடும் வசதியை அப்போதுதான் அவள் எழுதத் தொடங்கியிருந்தாள். அவன் கேட்டானே என்று அதை ஒற்றை வரிக்குச் சுருக்கினாள். கேபிளைச் செருகி, பூட்டு எண்ணோடு அந்த வரியைத் தட்டினால் போதும். முதல்முதலாக அவனையே தட்டச் சொன்னாள். நகல் வந்து விழுந்தது.

"கெட்டிக்காரிதான்" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவன் வாயால் அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கே தோழி சுகிர்தாவுக்கு அதைக் கைப்பேசியில் எழுதினாள். கூடப் படித்த சுகிர்தா ஸ்ரீவைகுண்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று வேலைக்குக் கூப்பிட்டிருப்பதையும், இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்பதையும் அவளுக்கு மட்டும்தான் விஜயஸ்ரீ எழுதியிருந்தாள். ஆடி கழியட்டும், பக்குவமாக வீட்டில் சொல்லலாம் என்று இருந்தாள்.

ஆடி கழியவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பாலம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "மூச்சு முட்டுதுன்னா சன்னலத் தொறந்து வச்சுக்கிடணும்மா. அதுக்குக் கோயம்புத்தூரா போவாக?"

விஜயஸ்ரீ உள்ளே போய் சுகிர்தாவை அழைத்தாள்.

"யார்ட்ட சொன்ன? அத்தை காது வரைக்கும் வந்திருக்கு."

"நான் யார்ட்டயும் மூச்சு விடல, ஸ்ரீ."

"அப்பம் காத்தா வந்து சொல்லுச்சு? ஒன்னய நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும்!" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மகேஸ்வரன் வந்ததும் காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "அத்தைட்ட கோயம்புத்தூர் விஷயத்த யாரு சொன்னது?"

"நாந்தான்."

"ஒங்களுக்கு?"

அவன் காபியை ஊதிக் குடித்தான். "நீ சொல்லிக்குடுத்ததுதான. நீ குளிக்கப் போயிருந்த நேரம் ஒன் போன்ல கேபிளச் சொருகி அந்த வரியத் தட்டினேன். ரெண்டு போனுக்கும் ஒரே பூட்டு நம்பர்தான வச்சிருக்க. நல்லாத்தான் வேலை செய்யுது."

அவன் முகத்தில் கூச்சமே இல்லை. பாராட்டுவதுபோலத்தான் சொன்னான்.

"கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்லா?"

"இத்தன நாளு சொன்னியா? புருசனுக்குத் தெரியாம என்ன ரகசியம் வேண்டிக்கெடக்கு?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டது, சுருக்கா முடியாதா என்று கேட்டது, கெட்டிக்காரி என்றது எல்லாம் ஒவ்வொன்றாக அவள் மனதுக்குள் புரண்டு படுத்தன. தான் எழுதியதையெல்லாம் அவன் படித்ததுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அவன் ஆசையாகக் கற்றுக்கொள்கிறான் என்று தான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்ததை நினைத்தபோதுதான் உடம்பு கூசியது.

மறுநாள் காலை ரயிலேறி ஸ்ரீவைகுண்டம் போனாள். சுகிர்தா கதவைத் திறந்து, வா என்று சொல்லி, காபி போட்டுக் கொடுத்தாள். நடந்ததை முழுக்கக் கேட்டாள்.

"அவரு செஞ்சது கெடக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஒன்னு நடந்ததும் ஒனக்கு மொதல்ல என் மொகந்தான ஞாபகம் வந்துச்சு?"

விஜயஸ்ரீ மன்னிப்புக் கேட்டாள். சுகிர்தா சரி என்றாள். அதற்குமேல் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேச்சு நடந்தது.

திரும்பி வரும்போது ஸ்டேஷனில் நின்றுகொண்டே கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு வருகிறேன் என்று எழுதிப்போட்டாள். "இதுக்குப் போயா?" என்று மகேஸ்வரன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் கிளம்பிய அன்று பாலம்மாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

மகேஸ்வரன் அவ்வப்போது சனிக்கிழமைகளில் கோயம்புத்தூர் போய்வருகிறான். சோறு போடுகிறாள், பேசுகிறாள். தோசை வார்க்கப் போனாலும் கைப்பேசியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள். அவன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். சுகிர்தா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புகிறாள். விஜயஸ்ரீ நீளமாகப் பதில் எழுதுவாள். அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும்.