மொபெட்டுக்குப் பதில் ஒரு கேம் மிஷின்

அந்த வருஷம் எனக்கு வரும் தீபாவளி போனஸில் ஒரு செகண்ட் ஹேண்ட் மொபெட் வாங்குவதென்று அம்மா முடிவு செய்திருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் கேம் மிஷின் ஒன்றை வாங்குவதென்று நான் முடிவு செய்திருந்தேன்.

சாதாரண கேம் மிஷின் ஆம்பூர் பஜாரிலேயே கிடைக்கும். நான் பிரவுசிங் சென்டரில் படம் பார்த்து மயங்கியது வேறு. அதற்குள் ஓடும் புரோகிராம் எல்லாம் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் மாற்றலாம், சொந்தமாகக் கேம் செய்து போட்டுக்கொள்ளலாம். விலைதான் கிட்டத்தட்ட மொபெட் விலை.

ஷூ கம்பெனியில் நான் கிளிக்கிங் செக்ஷன். மேஜையில் தோலை விரித்து, அச்சு மாதிரி இருக்கும் இரும்புக் கத்தியை அதன்மேல் வைத்து, பிரஸ்ஸை இறக்கினால் ஷூவின் ஒரு துண்டு விழும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தோலும் வீணாகாமல் கத்தியை எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். மூன்று வருஷம் வைத்துப் பார்த்தபிறகு இது வேலையே இல்லை, கேம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கேமை நானே செய்யவேண்டும். எட்டாவதில் பெயிலானவனுக்கு வந்த ஆசை.

அக்கா அதே கம்பெனியில் செக்கிங் டேபிள். முடிந்த ஷூவை ஜோடியாகத் தூக்கிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பெண் பார்க்க வந்த இரண்டு பேருக்கும் அதே ஸ்டிக்கரைத்தான் ஒட்டி அனுப்பினாள் என்று செக்ஷன் முழுக்க நான் சொல்லிவைத்திருந்தேன். மொபெட் வந்தால் அவளுக்கும் வேலைக்குப் போக நடை மிச்சம். அதனால் சும்மா விடவில்லை.

"இன்னாடா, அதுல ஏறி கம்பெனிக்குப் போவியா?"

"நீ ஏறுனா மொபெட்டே போவாதுக்கா. இது எந்த மூலைக்கு?"

முதுகில் ஒன்று வைத்துவிட்டு நிபந்தனை போட்டாள். "ஈஸ்டருக்குள்ள உன் கேம நீயே செஞ்சி காட்டு. இல்லன்னா அத வித்துட்டு மொபெட்டு வாங்கு. பேச்சு மாறக்கூடாது."

ஒத்துக்கொண்டேன். அதுவரை தினமும் சைக்கிள் கேரியரில் அவளை உட்காரவைத்து மிதிப்பதாகவும் சேர்த்து ஒத்துக்கொண்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள், கொஞ்சம் கம்மியாக.

போனஸ் பணத்தைக் கொடுத்துச் சொல்லிவைத்திருந்தபடி, ரம்ஜானுக்குத் துபாயிலிருந்து வந்த என் தோஸ்து ஒருவனின் அண்ணன் மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பிளேட் பிரியாணி தின்று முடிப்பதற்குள் இரண்டு பேட்டரியைத் தின்றுவிடும். யாரோ வெளிநாட்டுக்காரன் செய்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்த கட்டை அடுக்கும் கேம் ஒன்று கிடைத்தது. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் அதைப் பிரித்தேன். உள்ளே எல்லாம் இங்கிலீஷ். சென்டர் வைத்திருந்த பாய் சில வார்த்தைக்கு அர்த்தம் சொன்னார். மீதிக்கு என் வழி ஒன்றுதான்: ஒரு எண்ணை மாற்றுவேன், கேம் செத்துவிடும். பழையபடி வைத்துவிட்டு அடுத்த எண்ணை மாற்றுவேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனதென்று தெரியாது. காலையில் மேடு ஏறும்போது பின்னாலிருந்து அக்கா, மொபெட் நல்ல பிக்கப் என்பாள். விடுவதாயில்லை நான்.

குருத்தோலை ஞாயிறன்று மத்தியானம் மிஷினை அவள் கையில் கொடுத்தேன். திரையில் ஒரு தோல், அதில் சிவப்புப் புள்ளியாகத் தழும்புகள். துண்டுகள் ஒவ்வொன்றாக வரும். பட்டனை அழுத்திச் சுற்றி, தழும்பில் படாமல் வைக்கவேண்டும். ஷூவைப் பார்ப்பதுபோல் முதலில் மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு ஆடினாள். பத்துத் துண்டு வைத்ததும் நிறுத்திவிட்டாள்.

"எல்லாம் எடது காலுடா. வலது எங்க?"

கம்பெனியில் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. கவிழ்த்துப் போட்டால் இடது கால் துண்டே வலது கால் துண்டாகிவிடும். கத்தி ஒன்றே போதும். அந்தப் பழக்கத்தில் நான் ஒரே ஒரு உருவம்தான் வரைந்திருந்தேன். என் பட்டனோ துண்டைச் சுற்றும், கவிழ்க்காது. எத்தனை தரம் சுற்றினாலும் இடது கால் இடது கால்தான். கிளிக்கிங்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பிடித்ததும் செக்கிங்காரி.

அம்மா அதற்குள் மொபெட் என்ன கலர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடையில் வாங்கும் மூடிய கேமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இதைத் திறந்து சரிசெய்யலாம், ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றேன். அக்கா மிஷினைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரிஜெக்ட்டு இல்ல. ரீவொர்க்கு. போய் செய்."

பெரிய வெள்ளி ஆராதனையில் மூன்று மணி நேரமும் என் மண்டைக்குள் துண்டுகள் கவிழ்ந்துகொண்டிருந்தன. ஆண்டவர் மன்னிக்கட்டும். வெள்ளைச் சட்டையோடு நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கவிழ்ப்பதற்குத் தனியாக ஒரு பட்டன் வைக்கவேண்டும். அன்றைக்கு இரண்டு தரம் கேம் செத்தது. சனிக்கிழமை சாயங்காலம் துண்டு கவிழ்ந்தது.

ஈஸ்டர் காலை கோயிலிலிருந்து வந்ததும், புடவைகூட மாற்றாமல் அக்கா ஒரு முழுத் தோலை வெட்டி முடித்தாள். இடதும் வலதும் ஜோடியாக எண்ணிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த தோல் எங்கே என்று கேட்டாள்.

வெறுமனே கேம் ஆட மட்டும் அவ்வளவு விலை கொடுத்து வாங்காதே என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பிரித்து மேய நினைப்பவன் சைக்கிள் மிதிக்கத் தயாரென்றால் வாங்கட்டும்.

திங்கட்கிழமை காலை அக்காவைக் கேரியரில் வைத்துக் கம்பெனிக்கு மிதித்தேன். மேட்டிலும் பின்னாலிருந்து நக்கல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், இரண்டு கையிலும் மிஷினைப் பிடித்துத் தோல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பள்ளம் பாத்து ஓட்டுடா," என்றாள் தலையைத் தூக்காமல். "கை ஆடுது."