பால் கொடுக்கும் கடல்கன்னி

மாமா தொண்டியிலிருந்து லாரியில் ஒரு கடல்கன்னியை ஏற்றிக்கொண்டு வந்தபோது எனக்கு எட்டு வயது. அறுபதுகளின் கடைசி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் வீட்டில் பிறந்த தம்பி, பெயர் வைப்பதற்குள் இறந்துபோயிருந்தான். அம்மாவுக்குப் பால் வற்றவில்லை. மல்லிகைப்பூவை மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தலையில் பூ வைக்காத அம்மாவிடமிருந்து பூ வாசம் வருவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. எந்தத் தொழிலிலும் நிலைக்காதவர், எதற்கும் கூச்சப்படாதவர். எங்கள் ஊரில் செக்காலைப் பக்கம் காலி இடமொன்றில், காசு வாங்கிக் காட்டக் கூடாரம் அடித்தார். தச்சுவேலை செய்த அப்பா, மச்சினனுக்காகப் பெரிய மரத்தொட்டி செய்து உள்ளே தகரம் அடித்துக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி, இதுதான் கடல் என்றார் மாமா.

தொட்டியில் கிடந்தது ஒரு கடற்பசு. சாம்பல் நிறம், தடித்த உதடு, மீசை முடி. மீனைப்போல உள்ளேயே இருக்க அதனால் முடியாது. சற்றைக்கொருதரம் மூக்கை மேலே நீட்டி மூச்சு வாங்கியது. கடலடிப் புல்லை மேய்கிற பிராணிக்கு மாமா அகத்திக்கீரையைப் போட்டார். அது வாய் வைக்கவில்லை. கன்னியைப் பார்க்க வந்த கூட்டம், பன்றியைக் காட்டி ஏமாற்றுகிறான் என்று திட்டிவிட்டுப் போனது.

வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறாளே என்று அப்பா ஒருநாள் அம்மாவையும் கூட்டிப்போனார். அம்மா தொட்டியருகே நின்றாள். அந்த நேரம் அது ஒருக்களித்துப் புரண்டது. துடுப்புக்கு அடியில், நமக்கு அக்குள் இருக்கிற இடத்தில், ஒரு காம்பு. அதிலிருந்து வெள்ளையாக ஒரு இழை தண்ணீரில் பிரிந்து கலைந்தது.

"ஏண்டா, இது பிள்ளை பெத்ததுடா. குட்டி எங்கடா?"

"அத அங்குட்டே கரையில வெட்டிக் கறிக்கு வித்துட்டாகக்கா. அம்புட்டுப் பெரிய குட்டிய இங்க கொண்டாந்து என்ன செய்ய?"

அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "இது கன்னியில்ல, தாயி! பால் கட்டித் தவிக்குது பாருங்க! கொண்டுபோயிக் கடல்ல விடச் சொல்லுங்க!" பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "நீங்க சொன்னா அவன் கேப்பான். ஏன் பேசாம நிக்கிறீக?"

அப்பா குனிந்து, தொட்டி மூலையில் தண்ணீர் கசிகிறதா என்று தடவிக்கொண்டிருந்தார்.

ஆனால் கூட்டம் அம்மா சொன்னதைக் கேட்டது. நன்றாகவே பார்த்தது. பின்னால் நின்ற ஆண்கள் "எங்குட்டு, எங்குட்டு?" என்று முண்டியடித்தார்கள். ஒருவன் விசிலடித்தான்.

மறுநாள் தெருவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய வண்டி வந்தது. 'பால் கொடுக்கும் கடல்கன்னி' என்று அதில் மாமாவின் குரல். சாக்கோட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மாமாவின் ஆள் ஒருவன் கம்பால் துடுப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

அந்த வாரமே அது செத்தது. மாமா கறியையும் விற்காமல் விடவில்லை. அறுத்தபோது துடுப்புக்குள் மனுசக் கை மாதிரியே ஐந்து விரல் எலும்பு இருந்ததாம். கடற்பசு யானைக்கு உறவு என்றும், அதன் முன்னோர் நாலு காலில் நிலத்தில் நடந்து, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலுக்குள் இறங்கியவை என்றும் வளர்ந்தபிறகு படித்தேன். போன இடத்திலும் நாம் அதை நிம்மதியாக விடவில்லை.

கூடாரத்தைப் பிரித்த அன்று மாமா அரக்கு நிற நைலக்ஸ் சேலையோடு வீட்டுக்கு வந்தார்.

"எல்லாம் ஒன் வாய் முகூர்த்தந்தான்க்கா. நீ சத்தம் போட்ட பெறகுதான் கூட்டமே."

அவர் போனதும் அம்மா சேலையை அரிவாள்மணையில் கிழித்துக் கிழித்து அடுப்பில் திணித்தாள். வீடெல்லாம் உருகின நாற்றம். அதில் எனக்கொரு பாவாடை தைத்திருக்கலாமே என்று நான் புரண்டு அழுதேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளை செத்ததில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அப்பா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.