தங்கச்சியின் கலியாணக் கசெட்

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மறுபடியும் பூட்டப்பட்ட காலத்தில் நான் மலைநாட்டில், பொகவந்தலாவையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மழை தொடங்கியபோது ஊரில் அம்மா செத்துப்போனா. அனுமதி எடுத்து நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மாமா தொலைபேசியில் சொன்னார். அதிபரிடம் மட்டும் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு, ஆசிரியர் குவாட்டர்ஸ் அறைக்குள்ளேயே கிடந்தேன். பிறகு பள்ளிக்கூடம் போய்ப் பின்னங்கள் படிப்பித்தேன்.

கொஞ்சக் காலம் கழித்துக் கனடாவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணா, என்ர கலியாணக் கசெட் உங்களிட்டத்தானே கிடக்கு? அம்மா வாற இடங்களையாவது சீடியில ஏத்தி அனுப்புங்கோ. என்னட்ட அம்மான்ர படம் ஒண்டும் வடிவா இல்லை."

சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது எடுத்துவந்த வீடியோக் கசெட் அது. என் கம்பியூட்டரில் டீவி கார்டும் இருந்தது. சுலபம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் படம் நிறமில்லாமல் மேலும் கீழும் உருண்டது. கார்டு அமெரிக்க முறையில் கிடந்தது. எங்கள் முறைக்கு மாற்றியதும் நிறம் வந்தது, உருளுவது நின்றது. ஆனால் படத்தின் மேற்பகுதி மட்டும் காற்றில் இழுபடும் துணிபோல வலப்பக்கம் சாய்ந்தது. அம்மா உயரமானவ. மணவறைக்குப் பின்னால் அவ தனியாக நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே அவவின் முகம் சரியாக அந்தக் கோணலுக்குள் விழுந்தது. தோள் வரைக்கும் நேராக இருந்தா. அதற்கு மேலே முகம் நீண்டு நெளிந்தது.

கசெட் ஓட்டும் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். வயரை மாற்றினேன். டிராக்கிங் குமிழைத் திருகிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அதே கசெட்டை டீவியில் போட்டால் முகம் நேராக வந்தது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மற்ற ஆசிரியர்கள் கண்டிக்கும் ஹட்டனுக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். சனி, ஞாயிறு முழுவதும் மழையும் நானும் அந்த நெளிந்த முகமும்தான். சுற்றிச் சுற்றி ஓடவிட்டு நாடா தேய்ந்துவிடுமோ என்று பயந்து, சில வேளை கசெட்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

கடைசியில் ஹட்டனில் ஓர் இன்டர்நெட் கடையில் தேடி வாசித்தேன். பழைய நாடா இழுபட்டுப் போனால் படத்தின் கோடுகள் நேரத்துக்கு வராதாம். டீவி அதைப் பொறுத்துக்கொள்ளும், கம்பியூட்டர் கார்டு பொறுக்காது. இடையில் ஒரு டிவிடி ரெக்கோடரைப் பூட்டினால் அது சரிப்படுத்தி அனுப்பக்கூடும் என்று எழுதியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் குவைத்தில் வேலைசெய்துவிட்டு வந்தபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தா. அதுவரை பாதையில் கண்டால் தலையாட்டியதோடு சரி. போய்க் கேட்டேன்.

"அதுக்கென்னங்க சேர், தாறோம்" என்றா. புருசனோடு தானே தூக்கிக்கொண்டு வந்தா.

டெக்கிலிருந்து ரெக்கோடருக்கு ஒரு வயர், அங்கிருந்து கம்பியூட்டருக்கு இன்னொன்று. கசெட்டை ஓடவிட்டேன். படம் நேராக நின்றது. அம்மா மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்கவில்லை. பந்தி நடக்கிற பக்கம் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றா. சோறு காணாதோ என்ற யோசனையாக இருக்கும்.

"ஒங்க அம்மாங்களா?" என்று கேட்டா பக்கத்து வீட்டுப் பெண்.

"ஓம்."

"ஊர்லதான் இருக்காங்களா?"

"இல்லை. மழை தொடங்கேக்க செத்துப்போனா."

அவ திரையை விட்டு என் பக்கம் திரும்பினா. பிறகு, "பக்கத்துலயே இருக்கோம். ஒரு வார்த்த சொல்லலியே சேர்" என்றா.

"பதிவு ஓடுது" என்றேன். பேசினால் அதுவும் பதிவாகிவிடும் என்பதுபோலத் திரையைக் காட்டினேன்.

மறுநாள் பின்னேரம் இருவரும் குளித்து, வெளுத்த உடுப்போடு வந்தார்கள். கையில் சீனியும் பால்மாவும் இருந்தன.

"எழவு கேக்க வந்தோம் சேர்" என்றார் புருசன்.

என்னிடம் ஒரு கதிரைதான் இருந்தது. அவர்கள் கட்டிலில் இருந்தார்கள். அம்மாவுக்கு என்ன வருத்தம் வந்தது, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார்கள். அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்காத கேள்விகள். ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். "மாமான்ர மகன்தான் கொள்ளி வைச்சவன்" என்றேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினா.

சீடி போய்ச் சேர்ந்ததும் தங்கச்சி எடுத்தாள்.

"முகம் வடிவாத் தெரியுது அண்ணா."

அதற்குப் பிறகு அவளுடைய தொலைபேசிக் கார்ட்டில் காசு முடிந்து தொடர்பு அறும்வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.