ஆறாம் மாதத் தவணை

அம்மா யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்தார் என்று இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அது பெருமை இல்லை.

அம்மா காணை கிராமத்தில் கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டார். அப்பா இறந்தபோது எனக்கு நான்கு வயது. சத்துணவுக் கூடத்தில் சமைத்து என்னைப் படிக்கவைத்தார். சாகும்வரை வாடகை வீடுதான்.

எனக்குத் திருமணமான இரண்டாம் வருடம், திண்டிவனத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பினோம். கடன் தர பேங்க் சம்மதித்துவிட்டது. அம்மா சம்மதிக்கவில்லை.

"பேங்க்காரன் குடுப்பான். கட்டப்போறது நீங்க. தவணையில இப்ப குடுக்குற வாடகை போக மீதியை ஆறு மாசம் எங்கிட்ட கட்டிக்கினு வாங்க. நடுவுல ஒரு ரூபா எடுத்தாலும் மறுபடியும் மொதல்லேர்ந்து."

எனக்குக் கோபம். என் கணவருக்குச் சிரிப்பு. "பேங்க்காரனே தேவல. அத்த ஒண்ணாந்தேதி விடியறதுக்குள்ள போன் போடுறாங்க" என்பார். ஆனாலும் மாதாமாதம் விழுப்புரம் போய்க் கொடுத்தோம்.

ஐந்தாம் மாதம் அம்மா கால் வீங்கி, மெதுவாக நடந்தார். கேட்டதற்குச் செருப்பு கடித்துவிட்டது என்றார். நானும் நம்பி பஸ் ஏறிவிட்டேன். என்னை நான் மன்னிக்கவில்லை.

மூச்சு வாங்குவது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். "எம் பொண்ணுக்குத் தெரிஞ்சா வைத்தியத்துக்குப் பணத்தை எடுத்துடுவா. இன்னும் ஒரு மாசந்தான், சும்மா இரு" என்று அம்மா அவர் வாயை அடைத்திருக்கிறார்.

ஆறாம் மாதம் பிறக்கவில்லை. அதற்குள் விழுந்துவிட்டார். இதயம் பழுதாகிவிட்டது, முன்பே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் அம்மா இல்லை. ஐந்து மாதப் பணமும் பீரோவில் அப்படியே இருந்தது.

காரியம் முடிந்ததும், அம்மா ஆசைப்பட்ட வீட்டை வாங்குங்கள் என்றார்கள். நாங்கள் வாங்கவில்லை. அரிசி, பால், பெட்ரோல் எல்லாம் எழுதிப் பார்த்தோம். அதுவரை வைத்தியச் செலவென்று நாங்களும் எழுதவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அதையும் சேர்த்தால் அந்த வீடு எங்களுக்குக் கட்டாது. இதைத் தெரிந்துகொள்ள அம்மா சாக வேண்டியிருந்தது.

ஆட்டோவில் தூக்கிப்போன பக்கத்து வீட்டு அக்காவுக்கும், மூன்று நாள் சோறு கொண்டுவந்த சத்துணவுக்கூடத்துத் தோழிகளுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நன்றி.

இதைப் படிக்கும் பெரியவர்களே, உடம்புக்கு முடியவில்லை என்றால் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லித் தொலையுங்கள்.