குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு நண்டு

அந்த வீட்டில் மூத்த மருமகள் பெரியவள், இளையவள் சின்னவள். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவளுக்குக் கதவு வைத்த அறை. சின்னவளுக்கும் அவள் புருஷனுக்கும் நடு அறை. குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். விடிந்தும் விடியாமலும் புருஷனின் அண்ணன் துண்டோடு கட்டிலைத் தாண்டிப் போவார். உடை மாற்றவேண்டும் என்றால் யாருக்கும் அவசரம் வராத நேரம் பார்க்க வேண்டும். இதெல்லாம் ஒரு பிழைப்பா!

அதே அறையில்தான் நண்டுத் தொட்டியும். புருஷன் பல்செட் கட்டுகிறவர். கிளினிக்கை மூடிய டாக்டர் ஒருவர் மீன்தொட்டியை அவர் தலையில் கட்டிவிட்டார். அதில் காலிச் சங்கொன்றில் குடியிருந்து கட்டைவிரல் அளவில் கிடந்த துறவி நண்டு, மீன்களையெல்லாம் தின்று தீர்த்து, இப்போது தேங்காய் மூடி அளவுக்கு வளர்ந்து நின்றது. திரும்பினால் சங்கு கண்ணாடியில் இடிக்கும். துறவியாம் துறவி! வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு திரியும் துறவியைச் சின்னவள் எங்கும் கண்டதில்லை. ஆனாலும் தீனி வைப்பது அவள்தான். அது இடிக்கிற சத்தம் கேட்டால் அவளுக்கு மூச்சு முட்டும்.

அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வரும் ஓர் அம்மாளிடம் பின்பக்க வீடு ஒன்று காலியாக இருந்தது. இரண்டு அறை, இரண்டுக்கும் கதவு. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா. அதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது."

"நல்ல வீடுதான்," என்றார் புருஷன். "ஆனா நண்டு வளர்ந்துடுச்சு, பெரிய சங்குக்கு மாறற சமயம். இப்போ தூக்கிட்டு அலைஞ்சா செத்துடும்."

நண்டாவது மண்ணாவது! அண்ணன் வளர்த்த பிள்ளை அவர். 'தனியாப் போறோம்' என்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவருக்கு இந்த நிலைமை.

"சரி, மாத்தட்டும்," என்றாள். அவரும் பல்செட் கட்டும் பொருளிலேயே ஈறு நிறத்தில் ஒரு சங்கு செய்து வந்தார். நண்டு அதைச் சுற்றி வந்தது, உள்ளே கொடுக்கை விட்டுத் துழாவியது, பேசாமல் திரும்பிப் போய்விட்டது.

"அளவு கச்சிதமா இருக்கே!"

"அதாங்க தப்பு. வளர்ற ஜீவன் அது, பல்லா? கொஞ்சம் எடம் விட்டு செய்ய வேணாமா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. நண்டுக்காக மட்டும் அழவில்லை.

அலங்காரச் சாமான் கடையில் பெரிய சங்கு ஒன்று வாங்கி, கொதிநீரில் போட்டெடுத்து, தொட்டிக்குள் இறக்கினாள். காலையில் பார்த்தால் நண்டு குடியேறியிருந்தது! தானே குடிபோனதுபோல் குதித்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார். "இப்போ தொட்டி பத்தலையே. பெருசா ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன்." சுவர் நீளத்துக்கு இருக்குமாம். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்ளலாமாம். "தண்ணி ஊத்திட்டா அப்புறம் நகர்த்தவே முடியாது," என்று பெரியவளிடம் பெருமை வேறு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

சனிக்கிழமை கடையில் இருக்கும்போது தொட்டிக்காரன் போன் செய்தான். அவர்தான் அவள் நம்பரைக் கொடுத்திருந்தார்.

"அக்கா, வண்டில ஏத்தியாச்சு. அட்ரஸ் சொல்லுங்க."

பழகின விலாசம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள்.

"தபாலாபீசுக்குப் பின்னாடி, பச்சை கேட்டு. பின்பக்க வீடு."

அடுத்து அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். "நாங்க வந்துடறோம்மா. சாவி இப்பவே வேணும்." லீவு சொல்லிவிட்டு ஓடி, நண்டை வாளியில் எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டினாள்.

"எங்கடி தூக்கிட்டுப் போறே?" என்றாள் பெரியவள்.

"புதுத் தொட்டிக்குக்கா." அது உண்மைதானே!

இருட்டும் நேரத்தில் புருஷன் போன் செய்தார்.

"தொட்டி வந்துச்சா?"

"வந்துடுச்சுங்க."

"எங்க வெச்சே? இங்க காணோமே?"

"நம்ம வீட்ல."

பின்னணியில் யாரோ குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணங்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார் அவர்.

"தண்ணி ஊத்தியாச்சு, இனிமே நகர்த்த முடியாதுன்னு சொல்லுங்க," என்றாள் சின்னவள்.