ஞாயிற்றுக்கிழமை உதிர்ந்த துளசி

சனிக்கிழமை பஜனைக்கு வருகிற அண்ணன்மாரே, அக்காமாரே, நான் பெற்ற மகளின் இடது காலை மட்டும்தான் முதலில் பார்த்தேன். மீதிப் பிள்ளையைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

1968 ஆவணிக் கடைசியில் என் மனைவி காஞ்சனாவுக்கு வண்டலூரில், அவள் அம்மா வீட்டில், பெண் குழந்தை பிறந்தது. எனக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். வாயைத் திறந்தால் கிண்டல்தான். சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் பிடித்தது.

தாம்பரத்தில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். "டிபி இல்லப்பா, நெஞ்சுச் சளிதான்" என்று மிக்சர் மருந்து கொடுத்தார். சளி குறைந்தது. இருமல் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

முதல் ஞாயிறு போனபோது மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"இன்னா மாப்ளே, வேல செய்யாம இருக்க இருமுவீங்களே, அதா இது?"

"இல்ல அத்தே, இது நெஜம்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து என்னை இரண்டாக மடக்கிவிட்டது. அவர் முகம் மாறியது.

"பச்சப் புள்ள கீற வூடு. இருமல் போனாத்தான் உள்ள வரணும். கோச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் சொன்னது நியாயம். வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே குழந்தை அழுதது. என் குரல் கேட்டு காஞ்சனா ஜன்னலுக்கு வந்து, துணியிலிருந்து ஒரு குட்டிக் காலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"கால் உன்னுது மாதிரிதான் கீது. மூஞ்சி?" என்றேன்.

"மூஞ்சி உங்களுது. பாவம்" என்றாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தக் கால் ஒரு வாரம் முழுக்க என் கூடவே இருந்தது. பஞ்சர் ஒட்டும்போதும் அதுதான் நினைவு. பெருமாளிடம் நான் ஆரோக்கியம் கேட்கவில்லை. "அந்தக் கதவைத் திற சாமி" என்றுதான் கேட்டேன். தினமும் கேட்டேன். அடுத்த ஞாயிறும் வேலிதான். அதற்கடுத்த ஞாயிறும் வேலிதான்.

நாலாவது ஞாயிறு, மாமியார் வீட்டு முற்றத்தில் இருந்த கருந்துளசி கண்ணில் பட்டது. இருமலுக்குத் துளசி கேட்கும் என்று ஊரே சொல்லும்.

"அத்தே, அதுல நாலு கொத்து பறிச்சுக் குடுங்களேன்."

"ஞாயித்துக்கெழம தொளசி மேல கை வெப்பாங்களா?"

"எனக்கு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் அத்தே லீவு."

"தொளசிக்கும் அன்னிக்குத்தான் லீவு."

என்னையே மடக்கிவிட்டார்! வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று விட்டிருப்பேன். அன்று வேலி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தேன். இருமினேன். அழுதேன். "சாமி, என்னால முடியல" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

புரட்டாசி மாதம் அல்லவா, திடீரென்று காற்றோடு ஒரு மழை. ஐந்து நிமிஷம் அடித்துவிட்டு நின்றது. மாமியார் முற்றத்துக்கு வந்தார். துளசி மாடத்தைச் சுற்றி ஈரத்தில் இலைகள் உதிர்ந்து கிடந்தன. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார்.

"பறிக்கத்தான் கூடாது. தானா வுழுந்தத எடுக்கலாம்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

குனிந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினார். கழுவி, மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு, ஒன்றுக்குப் பாதியாகச் சுண்டவைத்து, பனைவெல்லம் கரைத்து, வேலிக்கு மேலே டம்ளரை நீட்டினார். காரம் காதில் வந்தது. நெஞ்சு இளகியது. அன்று ரயிலில் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு தாம்பரம் வந்தேன்.

நான் கிளம்பும்போதே, வேறு நாளில் பறித்து வைப்பதாக மாமியார் உறுதியும் கொடுத்திருந்தார். சொன்னபடி, பறிக்கத் தகுந்த நாளில் பறித்து, நிழலில் உலர்த்தி, அடுத்த ஞாயிறு ஒரு பொட்டலம் தந்தார். காலையும் மாலையும் காய்ச்சிக் குடித்தேன். டாக்டர் மிக்சரையும் விடவில்லை.

ஆறாவது ஞாயிறு மாமியார் பரீட்சை வைத்தார்.

"இருமாம நூறு வரிக்கும் எண்ணுங்க மாப்ளே."

எண்ணினேன். அறுபத்தொன்பது சொல்லிவிட்டு, பதற்றத்தில் நேராக எண்பதுக்குத் தாவிவிட்டேன். ஜன்னலில் காஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள். நூறில் வந்து நின்றேன்.

"கணக்குல பத்து கொறையுது" என்றார் மாமியார். "இருமல் வரல. உள்ள வாங்க."

வாசப்படி தாண்டினேன். மகளை மடியில் வைத்தார்கள். அவள் என் விரலைப் பிடித்தாள். நான் அந்த இடது காலைத் தேடித் தொட்டேன்.

அன்றிலிருந்து பொய்யாக இருமுவதை விட்டுவிட்டேன். நீண்ட இருமல் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள், துளசியும் குடியுங்கள். எதற்காகவோ கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள், அழுதாவது பெருமாளிடம் கேளுங்கள். பறிக்கக் கூடாத நாளில் அவனே உதிர்த்துக் கொடுப்பான்.